கலியாணக் கசெற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவருக்குக் கட்டாயம் கொம்பியூட்டர் தெரிந்திருக்கும். அவர் கச்சேரியில் எழுதுவினைஞராக இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் விவசாயம் படிப்பிக்கலாம். எப்போதோ ஒருநாள் மச்சானின் பிரின்ரரில் சிக்கிய கடதாசியை இழுத்து எடுத்திருப்பார். அன்றோடு பட்டம் சூட்டியாயிற்று. அந்த ஆள் நீங்கள்தான் என்றால் மேலே வாசியுங்கள். வேறொருவர் என்றால் இதை அவர் கண்ணில் படாமல் மடித்து வைத்துவிடுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் பாவம், கொழும்புக்கு மாற்றம் கேட்டு ஓடிவிடுவார்.

வேலை எப்போதும் வாட்ஸ்அப்பில் ஒரு குரலாகத்தான் வந்து சேரும். எனக்கு வந்தது 2022 மாசியில், ரொறன்ரோவிலிருந்து, பெரியம்மாவின் மகள் அக்காவிடமிருந்து.

“தம்பி, எங்கடை கலியாண வீடியோ அம்மாட்டைக் கிடக்கு. அதை ஒருக்காக் கொம்பியூட்டரிலை ஏத்தி, தேவையில்லாததை வெட்டிப்போட்டு அனுப்பிவிடு. ஆவணிக்கு முப்பது வருசம். சின்ன வேலைதானே?”

‘ஒருக்கா’, ‘தேவையில்லாதது’, ‘சின்ன வேலை’. மூன்றும் பொய் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. நீங்கள் அரைமணியில் வாசித்துத் தெரிந்துகொள்ளலாம்.

முதலாம் படி: கசெற்றைக் கைப்பற்றுதல்

கசெற் ரி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறவர் ஊருக்குப் புதியவர். அது அலுமாரியில், கூறைச்சேலைக்குக் கீழே, காணி உறுதிக்கு மேலே, பூச்சி உருண்டைகளுக்கு நடுவே இருக்கும். திறப்பு பெரியம்மாவின் இடுப்பில் இருக்கும். ஆகவே முதலில் தேநீர் குடியுங்கள். இரண்டாவது தேநீரும் குடியுங்கள். உங்களுக்கு இன்னும் ஏன் கலியாணம் சரிவரவில்லை என்பதற்கோ, சரிவந்திருந்தால் ஏன் பிள்ளைக்குத் தமிழ் எழுத வரவில்லை என்பதற்கோ பதில் சொல்லுங்கள். அதன் பிறகுதான் இடுப்பிலிருந்து திறப்பு வெளியே வரும்.

கையில் கிடைத்ததும் அதன் பயணக் கதையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும். எங்கள் கசெற் 1992 ஆவணியில் கொக்குவிலில் பதிவானது. 1994இல் கொழும்புச் சொந்தங்களுக்குக் காட்டவென்று சித்தப்பா அதைச் சாரத்தில் சுற்றி, இரவோடு இரவாகக் கிளாலிக் கடலில் வள்ளம் ஏறி, வவுனியா வழியாக வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எங்கள் வீட்டுப் படங்கள், புத்தகங்கள், ஆட்டுக்கல் எல்லாம் விட்ட இடத்திலேயே போயின. கசெற் மட்டும் கொழும்பில் இருந்ததால் தப்பியது. ஏ9 பாதை திறந்த 2002இல்தான் திரும்பி வீடு வந்தது. அது தப்பியதற்கும் கெட்டதற்கும் காரணம் ஒன்றே என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது கசெற்றின் முதுகுப்பக்கம் பாருங்கள். ஒரு மூலையில் சின்னப் பிளாஸ்ரிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் ஒருவரும் வேறொன்றைப் பதிய முடியாது. வீடியோக்காரர் நல்லவராக இருந்தால் உடைத்துத்தான் தந்திருப்பார். உடைத்த ஓட்டையின் மேல் யாராவது பிளாஸ்டர் ஒட்டியிருந்தால், கதிரையில் இருந்துகொள்ளுங்கள்.

எங்களுடையதில் ஒட்டியிருந்தது.

இரண்டாம் படி: பூஞ்சணம்

சன்னல் போன்ற அந்தக் கண்ணாடிக்குள்ளால் சுருளைப் பாருங்கள். கருமையாகப் பளபளத்தால் அதிர்ஷ்டம். ஓரங்களில் வெள்ளையாக, பிட்டுக்கு மா தூவியதுபோல் இருந்தால் பூஞ்சணம். எங்கள் மாரிக்கும் பூட்டிய அலுமாரிக்கும் அது வராவிட்டால்தான் அதிசயம். அதை அப்படியே டெக்கில் போட்டால் டெக்கின் தலை அடைபடும். அதற்குப் பிறகு போடும் அடுத்த வீட்டுக் கசெற்றுக்கும் தொற்றும். கொரோனாக் காலத்தில் கற்ற அத்தனை பாடமும் இங்கே பொருந்தும். மூக்கை மூடிக்கொள்வது உட்பட.

நிழலில், காற்றோட்டமாக, ஈரம் இல்லாத இடத்தில் சில நாள் விட்டு, பூஞ்சணம் காய்ந்தபின் மெல்லிய துணியால் துடைக்கவேண்டும். ‘நிழலில்’ என்ற சொல்லை நான் பெரியம்மாவிடம் மூன்று முறை சொன்னேன். மறுநாள் போனபோது முற்றத்தில் பாய் விரித்து, மோர்மிளகாய்க்கும் ஒடியலுக்கும் நடுவில் கசெற்றைக் காயப்போட்டிருந்தா. “வெய்யிலுக்குத் தப்பின பூஞ்சணம் உண்டோ?” என்று கேட்டா. இல்லைத்தான். வெயிலுக்குத் தப்பிய கசெற்றும் இல்லை. நாடா சூட்டில் நெளிந்துவிடும். நல்லகாலம், காகம் கலைக்கப் பக்கத்து வீட்டுச் சிறுமியைக் காவல் வைத்திருந்தா. அவள் தன் நிழல் கசெற்றில் விழும்படி குந்தியிருந்தாள்.

உள்ளே திறந்து துடைக்கவேண்டி வந்தால் அடியில் ஐந்து திருகாணிகள். ஐந்தையும் ஒரு சிரட்டைக்குள் போட்டுவையுங்கள். மூடியைத் தூக்கும்போது தலைமயிரளவு மெல்லிய சுருள்வில் ஒன்று துள்ளிப் பறக்கும். எங்களுடையது கோழிக்கூட்டுப் பக்கம் போனது. தேடவேண்டாம். பழைய படக் கசெற் ஒன்றைப் பலிகொடுத்து அதன் வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்தைப் பலிகொடுப்பது என்று மட்டும் வீட்டில் கேட்காதீர்கள். கேட்டால் அதற்கொரு கூட்டம் வைக்கவேண்டி வரும்.

மூன்றாம் படி: டெக்

உலகத்தில் கடைசிவரை வீ.எச்.எஸ். டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் பூனாய் கொம்பனி 2016 ஆடியோடு நிறுத்திவிட்டது. ஆகவே புதிதாக வாங்கும் எண்ணத்தை விடுங்கள். டெக் யாழ்ப்பாணத்தில் இல்லாமல் இல்லை. அவை எல்லாம் வேறு உத்தியோகம் பார்க்கின்றன. ஒன்று, குறுக்குத்தையல் போட்ட துணி போர்த்தி, மேலே மாலை போட்ட தாத்தாவின் படத்தைத் தாங்கி நிற்கும். இன்னொன்று கோயில் அர்ச்சனைத் துண்டுகளையும் தண்ணீர்க் கட்டணப் பற்றுச்சீட்டுகளையும் வாய்க்குள் வைத்திருக்கும்.

அந்த டெக்கைக் குறைவாக எடைபோடாதீர்கள். 1990இல் கறண்ட் போய், வருசக்கணக்காய் வராத குடாநாட்டில், டெக்கும் ரி.வி.யும் ஜெனரேற்றரும் ஒரு செற்றாக வாடகைக்கு வரும். சைக்கிள் கரியரில் ரி.வி., தலையணை வைத்துக் கட்டி. பெற்றோல் ஒரு சொட்டில் இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். இரவுக்கு மூன்று படம். மூன்றாவது படம் பாதியில் எண்ணெய் முடியும். பற்றறியே தடைப் பட்டியலில் இருந்த ஊரில், கலியாண வீட்டுக்காரர் பந்தலுக்கு அடுத்து விசாரித்தது ஜெனரேற்றரைத்தான். வெளிச்சம் இல்லாவிட்டால் கமராவுக்கு ஒன்றும் விழாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப ஒன்றும் இராது.

டெக் கிடைத்துவிட்டது. ஆனால் றப்பர் பட்டி உருகித் தார் போல் ஒட்டியிருக்கும். மாற்றவேண்டும். பிறகு தலையைத் துடைக்கவேண்டும். உள்ளே வெள்ளி நிறத்தில் சரிந்து நிற்கும் உருளைதான் தலை. எங்கள் நாட்டு வீடியோ முறையான பால் (PAL) முறையில் அது நிமிடத்துக்கு 1,500 தரம் சுற்றும். படத்தை வாசிக்கும் தலைகள் அதன் விளிம்பில் மணல்துகள் அளவில் இருக்கும். சரியான முறை: மான்தோல் துண்டை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்து உருளையில் தொட்டபடி பிடித்து, உருளையைக் கையால் சுற்றவேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை உடையும். சித்தப்பாவின் முறை: புதுப் பத்து ரூபாத் தாள், கொஞ்சம் ஓடிக்கொலோன். அவர் முறையில் துடைத்தபின் அரைமணி நேரம் வீடு முழுக்கச் செத்தவீட்டு வாசம் அடித்தது. படம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்காம் படி: நாடுகள்

உங்கள் கசெற் ஊரில் பதிவானது என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். ஆனால் ஒரு கசெற் ஏற்றுகிறீர்கள் என்று தெரிந்ததும் ஒழுங்கை முழுக்கப் பெட்டியோடு வந்து நிற்கும். அந்தப் பெட்டிக்குள் எங்கள் ஆட்கள் எங்கெங்கே போனார்கள் என்ற கணக்கு இருக்கும். லண்டன், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே போனவர்கள் பால் முறைக்காரர். அவர்களுடைய கசெற் எங்கள் டெக்கில் நிறமாக ஓடும். ரொறன்ரோவுக்குப் போனவர்கள் என்.ரி.எஸ்.சி. செக்கனுக்கு 25 படம் ஓடவேண்டிய இடத்தில் 30 ஓடும். எங்கள் பழைய டெக்கில் போட்டால் பிறந்தநாள் கேக் மேலேயிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கும். பாரிஸ் போனவர்கள் செக்காம். அவர்கள் எங்கள் டெக்கில் கறுப்பு வெள்ளையில்தான் வருவார்கள். ஒழுங்கைக் கோடியில் இருக்கும் ஒரு அம்மா தன் பாரிஸ் மகனின் வீட்டைப் பதினைந்து வருசமாய்க் கறுப்பு வெள்ளையாகவே நினைத்திருந்தா. பனிக்காலம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

எல்லா முறையும் ஓடும் டெக் என்று ஒன்று உண்டு. அது இருக்கும் வீட்டோடு நல்லுறவைப் பேணுங்கள்.

ஐந்தாம் படி: வயர்

மஞ்சள் படம், வெள்ளையும் சிவப்பும் சத்தம். டெக்கின் பின்பக்கத்தில் இருந்து இந்த மூன்றும் கட்டைவிரல் பருமனான ஒரு யூ.எஸ்.பி. கருவிக்குள் போகும். ஈசிகாப் என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும். அந்தப் பெயரில் வருவதில் பாதி அதற்குப் பிறந்ததும் இல்லை. பழைய டெக்கில் சத்தத்துக்கு ஒரே துளைதான் இருக்கும். அதை வெள்ளையில் மட்டும் செருகிப் பதிந்தால் நாதஸ்வரம் வாழ்நாள் முழுக்க இடது காதிலேயே வாசிக்கும். அதைக் கேட்கிறவர் கொம்பியூட்டர் கெட்டுவிட்டது என்று உங்களைத்தான் கூப்பிடுவார்.

சின்ன மினி டீ.வி. கசெற் என்றால் கதை வேறு. 2002க்குப் பிந்திய அரங்கேற்றங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அதில் படம் ஏற்கெனவே இலக்கங்களாகவே இருப்பதால் மஞ்சள் வயரால் எடுப்பது, உறைப்புக் கறியைத் தண்ணீர்விட்டுக் கழுவிப் பரிமாறுவது போல. பயர்வயர் என்ற வயர்தான் வேண்டும். சொனிக்காரர் அதே துளைக்கு ஐலிங்க் என்று பெயர் வைத்தார்கள். கமராப் பக்கம் நாலு முள், கொம்பியூட்டர்ப் பக்கம் ஆறு முள். இன்றைய லப்ரொப்பில் ஒரு முள்ளும் இல்லை. பழைய மேசைக் கொம்பியூட்டர் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். 8 மில்லிமீற்றர் கசெற் வைத்திருப்பவருக்கு ஒரு இரகசியம்: சொனி 1999இல் கொண்டுவந்த டிஜிற்றல்8 கமராக்களில் பல, பழைய அனலொக் கசெற்றையும் வாசித்து அதே பயர்வயரால் வெளியே விடும். அப்படி ஒன்று வைத்திருப்பவர் வீட்டில் பெண் இருந்தால் சம்பந்தம் பேசலாம்.

ஆறாம் படி: பதிவு

இங்கேதான் ‘ஒருக்கா’ என்ற சொல் விழுந்து நொறுங்கும். மூன்று மணிக் கசெற்றை ஏற்ற மூன்று மணிநேரம் வேண்டும். பைலைக் கொப்பி பண்ணுவதுபோல் இழுத்துவிட முடியாது. நாடா ஓடவேண்டும், படம் வரவேண்டும், அது விழவேண்டும். குறுக்குவழி கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பிறகு மெதுவாக்கினால் என்ன என்று கேட்டார். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் என்பதால் மரியாதைக்குச் சிரிக்கவில்லை.

கதவைப் பூட்டுங்கள். பூட்ட முடியாது. கெட்டிமேளச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் ஆட்கள் வந்துவிடுவார்கள். முதலில் பெரியம்மா பிரம்புக் கதிரையோடு, பிறகு பக்கத்து வீட்டு அன்ரி, பிறகு அவவின் மருமகள், அரைத்தூக்கத்தில் ஒரு பிள்ளை. “உது ஆர்? செல்லாச்சியக்காவின்ரை மோளோ?” “இல்லையெணை, அவள் அப்ப கொழும்பிலை.” “பின்னை ஆர் உந்தப் பச்சைச் சாரி?” பச்சைச் சாரி ஆர் என்று கண்டுபிடிக்கும்வரை நிறுத்தி வைக்கச் சொல்லுவார்கள். நிறுத்தவேண்டாம். நிறுத்தினால் பதிவில் பச்சைச் சாரி நின்றபடி ஐந்து நிமிடம் அசையாமல் இருக்கும்.

ஹாட் டிஸ்க் பழைய முறையில் ஃபற்32 என்று தயாரிக்கப்பட்டிருந்தால் ஒரு பைல் 4 ஜிகாபைற்றைத் தாண்ட முடியாது. மினி டீ.வி. படம் மணிக்கு 13 ஜிகாபைற் பிடிக்கும். அதாவது ஏறத்தாழ 19ஆவது நிமிடத்தில் பதிவு ஒரு சத்தமுமில்லாமல் நின்றுவிடும். ஐயர் எந்த வீட்டிலும் 19 நிமிடத்துக்குள் தாலியை எடுத்துக் கொடுத்ததில்லை.

ஏழாம் படி: கறண்ட் போய்விட்டது. ஆறாம் படிக்குப் போகவும்.

நான் வேலை தொடங்கியது 2022 பங்குனி. அந்த மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வெட்டினார்கள். மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதி எந்த எழுத்துக் குழு என்று பார்த்து, மிஞ்சிய துண்டுகளில் மூன்று மணிநேரம் ஒட்டாகக் கிடைக்கும் நாளுக்குக் காத்திருந்தேன். கிடைக்கும் என்று போட்டிருந்த நாளிலும் இடையில் போனது. இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: லப்ரொப்புக்குப் பற்றறி இருக்கிறது, டெக்குக்கு இல்லை. கறண்ட் போனால் கலியாணம் நின்றுவிடும், பதிவு நிற்காது. இருட்டில் நாங்கள் விசிறி மட்டையால் விசிறிக்கொண்டு இருக்க, கொம்பியூட்டர் ஐம்பது நிமிடம் வெறும் கறுப்பை உண்மையாகப் பதிந்துகொண்டிருந்தது. அந்த பைலை இன்னும் அழிக்கவில்லை. 2022 பங்குனிக்கு அதைவிட நேர்மையான விவரணப் படம் இருக்காது.

ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. பெற்றோலுக்கு வரிசை. மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டுப் பெரியம்மா சொன்னா: “கலியாணத்தண்டைக்கு இருந்த கறண்டும் இப்ப இல்லை.”

பொருளாதார நெருக்கடி முடிந்தால் சரியாகும் என்றும் இருக்காதீர்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு வீட்டு அரங்கேற்றம் ஏற்றிக்கொண்டிருந்தேன். பதம் முடிந்து தில்லானா தொடங்கும் இடம். நாடு முழுக்கக் கறண்ட் போயிற்று. பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்துவிட்டது என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். அனுமார் இலங்கைக்கு வந்தால் ஏதாவது எரியும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். தில்லானாவில் வருவார் என்று தெரியாது.

எட்டாம் படி: பிளாஸ்டர்

நான்காவது முயற்சியில் தாலி கட்டும் இடம்வரை வந்துவிட்டோம். அன்று ஒன்பது பேர் அறையில். அத்தான் தாலியைக் கையில் எடுக்கிறார். கெட்டிமேளம். அக்கா தலையைக் குனிகிறா. ஹலோஜன் வெளிச்சத்தில் அவவின் நெற்றியில் வியர்வை மின்னுகிறது. ஐயர் பூவை எறியக் கையை உயர்த்துகிறார். திரையில் ஒரு நீலக் கோடு மேலிருந்து கீழே இறங்கியது. பிறகு பச்சைப் புல்வெளி. லாகூர் கடாபி மைதானம். 1996 பங்குனி 17. அரவிந்த டி சில்வா ஒரு பந்தை ஓப் பக்கம் தள்ளிவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்.

ஒருவரும் பேசவில்லை. அரவிந்த இன்னொரு ஓட்டம் எடுத்தார்.

சித்தப்பாவுக்கு அந்த இரவே போன் எடுத்தோம். கசெற் கொழும்பில் இருந்த காலம், உலகக் கிண்ண இறுதிப்போட்டி, வீட்டில் வெறுங் கசெற் இல்லை. “பின்னாலை ஒண்டும் இல்லையெண்டு நினைச்சன்” என்றார். அப்போ நாக்கு ஓட்டையில் பிளாஸ்டர் எப்படி வந்தது? “கையிலை வெட்டுக்காயம் ஒண்டு கிடந்தது. அதிலையிருந்து கழண்டு ஒட்டியிருக்கும்.” இருபத்தாறு வருசத்துக்கு முந்திய காயத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாக ஒரு மனுசன் பேசி நான் கேட்டதில்லை.

நாற்பத்திரண்டு நிமிடம் கிரிக்கெற். ஆட்டமிழக்காமல் 107. இலங்கை மூன்று விக்கெற்றுக்கு 245. பிறகு மறுபடி நீலக் கோடு, கொக்குவில், பந்தியில் யாரோ ஒருவர் இரண்டாம் தரம் சோறு கேட்கிறார். கலியாணம் முடிந்திருந்தது.

ஒன்பதாம் படி: வெட்டுதல்

சொப்ற்வெயரை நான் சொல்லித்தரத் தேவையில்லை. இலவசமாகவே நல்லது கிடைக்கிறது. நடனம் என்றால் கைவிரல்கள் சீப்புப் பல்லாகத் தெரியும். பழைய கமரா படத்தைப் பாதிப் பாதியாக, ஒன்றைவிட்டு ஒரு வரியாக எடுத்ததால் வரும் வினை. ‘டீஇன்ரர்லேஸ்’ என்ற பொத்தானை அமத்துங்கள், போய்விடும். இவ்வளவுதான் தொழில்நுட்பம். மிச்சமெல்லாம் சொந்தபந்தம்.

அக்காவின் முதல் கட்டளை: “அண்ணையை வெட்டிவிடு.” சீதனக் காணி வேலியை அண்ணர் ஒன்றரை அடி தள்ளிப் போட்டதில் நாலு வருசமாய்ப் பேச்சில்லை. அதெல்லாம் சரி. ஆனால் பெண்ணின் அண்ணன்தானே மாப்பிள்ளைத் தோழன்? கால் கழுவியதில் இருந்து மணவறையில் இருத்தியது வரை மாப்பிள்ளையின் பக்கத்திலேயே நிற்கிறார். அண்ணரை வெட்டினால் அத்தானின் இடப்பக்கத் தோளும் ஒரு காதும் போகும். அத்தானை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். வீ.எச்.எஸ்.இல் இருப்பதே கிடையாக 240 வரி அளவு விபரம்தான். பெரிதாக்கினால் அத்தான் கல்லரிசி போட்ட பிட்டாக மாறிவிடுகிறார்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. சாப்பிடுவதைக் காட்டவேண்டாம் என்றா ஒரு மாமி. அந்தக் கால வீடியோக்காரருக்குப் பந்திதான் உச்சக்காட்சி. லைற் பிடிக்கிற பெடியன் ஆயிரம் வாற் வெளிச்சத்தை வாழையிலைக்கு நேரே பிடிப்பான். சாப்பிடுகிறவர் வாய்க்குக் கொண்டுபோன வடையை இடைவழியில் நிறுத்திக் குனிந்துகொள்வார். அவர் கடிக்கும்வரை கமரா போகாது. கமரா போகும்வரை அவர் கடிக்கமாட்டார். வரிசையாக எழுபது பேர். லண்டன் மச்சாள் தான் வரும் இடமெல்லாம் வேண்டாம் என்றா, அப்போது தலைமயிர் எண்ணெய் வைத்து இழுத்திருந்ததாம். விவாகரத்தானவர்கள் இரண்டு சோடி. மதம் மாறியவர் ஒருவர், விபூதியோடு இருக்கிறார். சுவிஸ் சித்தி, காலமான தன் கணவர் வரும் இடத்தைக் கூட்டச் சொன்னா. அவர் வருவது அண்ணரின் முதுகுக்குப் பின்னால்.

எல்லாப் பட்டியலையும் சேர்த்து ஒருநாள் இரவு உண்மையாகவே வெட்டிப் பார்த்தேன். கலியாணத்தில் எஞ்சியது நாலு நிமிடம்: வாசலில் கட்டிய வாழை, நிறைகுடம், யாரோ வீட்டு நாய். அதோடு, யாரும் ஆட்சேபிக்காத அரவிந்த நாற்பத்திரண்டு நிமிடம்.

சத்தத்தையும் துப்புரவாக்க வெளிக்கிட்டேன். படம் முழுக்க ஜெனரேற்றர் இரைச்சல். அதை அகற்றும் வசதி இருக்கிறது. அகற்றினால் நாதஸ்வரம் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. அதைக் கேட்டதும் பெரியம்மா கதிரையில் நிமிர்ந்து கேட்டா: “என்னடா, ஜெனரேற்றர் நிண்டுபோச்சோ?” திரும்பப் போட்டுவிட்டேன்.

அரவிந்தவை வெட்டுவதா என்று அத்தானிடம் கேட்டேன். அவர் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “அந்த மட்சை நான் பாக்கேல்லை. அப்ப நாங்கள் கொடிகாமத்திலை, ஒரு கொட்டிலுக்கை. ரேடியோ இருந்தது, பற்றறி இல்லை. வெண்டது மூண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும். அப்பிடியே விடு, வெட்டாதை.”

ஆகவே ஒன்றும் வெட்டவில்லை. தொடக்கத்தில் ஒரு தலைப்பு மட்டும் போட்டேன். அதிலும் அத்தானின் தலையெழுத்தை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று முறைப்பாடு வந்தது.

பத்தாம் படி: பத்திரப்படுத்துதல்

மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு ஊரில் என்பது ஆவணக்காரர் சொல்லும் விதி. பொது நூலகத்தில் 97,000 புத்தகம் 1981இல் ஒரே இரவில் எரிந்ததைப் பார்த்த ஊருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 2005 தொடக்கம் நூலக நிறுவனத்தார் கிடைத்த கடதாசியை எல்லாம் ஸ்கான் பண்ணிக்கொண்டிருப்பதும் அந்தப் பயத்தில்தான். மூன்றில் கடைசி விதி எங்களுக்கு வெகு சுகம். வேறு ஊரில் ஆள் இல்லாத குடும்பம் எது?

வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மிஞ்சியிருக்கும் 240 வரியையும் அது பிழிந்துவிடும். போகிற ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஹாட் டிஸ்க் ஆடிக் கடைசியில் இரண்டு கிலோ மிளகாய்த்தூளுக்கும் ஒரு பனங்கட்டிக் குட்டானுக்கும் இடையில் ரொறன்ரோ போய்ச் சேர்ந்தது. முதல் இரண்டு நாள் கொம்பியூட்டரில் செருகினால் எல்லோருக்கும் தும்மல் வந்ததாம்.

கடைசி வேலை, கசெற்றைத் திருப்பிக் கொடுப்பது. பெரியம்மா அதை வாங்கிக் கையில் பாரம் பார்த்தா. திருப்பிப் பார்த்தா.

“எல்லாத்தையும் எடுத்துப்போட்டாய் எண்டால், இப்ப இதுக்குள்ளை என்ன கிடக்கு?”

“அப்பிடியேதான் இருக்கு பெரியம்மா. கொப்பிதான் எடுத்தது.”

“குறையேல்லையோ?”

“இல்லை.”

நம்பவில்லை. காதுக்குக் கிட்டப் பிடித்து ஒருதரம் ஆட்டிப் பார்த்தா. உள்ளே சுருள் ஆடுகிற சத்தம் கேட்டது. பிளாஸ்டரை நகத்தால் சுரண்டி உரித்து எறிந்துவிட்டு, சேலைக்குக் கீழே, உறுதிக்கு மேலே வைத்து, புதுசாக இரண்டு பூச்சி உருண்டை போட்டுப் பூட்டினா.